சொலிசிட்டர் அப்ரண்டிஸ்: லண்டன் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

ஏ லெவல் (பள்ளியின் கடைசி இரண்டு வருடம்) படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து இந்தப் பருவத்தில் ஏறத்தாழ ஒரே கேள்விதான் வருகிறது: பல்கலைக்கழகம் போகாமல், நேராகச் சட்ட அலுவலகத்தில் சேர்ந்து சொலிசிட்டர் (இங்கிலாந்து வழக்கறிஞர்களில் ஒரு வகை) ஆகலாமாமே? ஆகலாம். இங்கிலாந்தில் 2016 முதல் அந்த வழி இருக்கிறது: சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே, சுமார் ஆறு வருடம் படித்துத் தேறும் அப்ரண்டிஸ் பயிற்சி. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகள் அப்ரண்டிஸாகச் சேர ஆசைப்படுகிறாள். ஆறு வருடம் கழித்து அவள் முழுச் சொலிசிட்டரா, அரைச் சொலிசிட்டரா? அவளுடைய அப்பா பிடிகொடுக்க மறுக்கிறார். (ஹாரோவிலிருந்து ஒரு தாய்)

முழுச் சொலிசிட்டர்தான். சொலிசிட்டர் தகுதிக்காக 2021 செப்டம்பரில் வந்த எஸ்.கியூ.இ. தேர்வு எல்லோருக்கும் ஒன்றே. முதல் கட்டத்தில் தலா 180 கேள்விகள் கொண்ட இரண்டு தாள்கள். இரண்டாம் கட்டத்தில் கட்சிக்காரரிடம் பேசி விவரம் வாங்குவது, நீதிபதி முன் வாதாடுவது, ஆவணம் வரைவது என்று 16 செய்முறைச் சோதனைகள். கேம்பிரிட்ஜில் படித்தவருக்கும் உங்கள் மகளுக்கும் ஒரே கேள்வித்தாள்தான். தேறியவருடைய பெயருக்குப் பக்கத்தில் எந்த வாசல் வழியாக வந்தார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

பெரும்பாலான திட்டங்களில் எல்.எல்.பி. பட்டமும் சேர்ந்தே கிடைக்கிறது. எல்லாவற்றிலும் அல்ல. அதனால் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். கல்யாணப் பேச்சில் "பிள்ளை என்ன படித்திருக்கிறாள்?" என்று கேட்பார்களே என்பதுதான் அப்பாவின் கவலை என்றால், அந்தப் பட்டத்தோடு அது தீர்ந்துவிடும்.

என்னுடைய கவலை வேறு. தோழிகள் ஊர் மாறி, விடுதியில் தங்கி, பதினொரு மணிக்கு எழுந்திருக்கும் வயதில் இவள் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். வேலை முடிந்து வந்து ஒப்பந்தச் சட்டம் படிக்க வேண்டும். இது ஆறு வருடம் நீளும். அதைப் பற்றி அவளிடம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசினீர்களா?

ஆறு வருடமும் நகல் எடுக்கவும் தேநீர் போடவும்தான் விடுவார்களோ? (ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு மாணவன்)

முதல் சில மாதங்களில் நகல் எடுப்பாய். அது கேவலமும் இல்லை. வழக்குக் கட்டு ஒன்றைப் பக்க எண் போட்டு அடுக்கியவனுக்குத்தான் எந்தக் கடிதம் எந்தக் கடிதத்துக்குப் பதில் என்பது தலையில் நிற்கும்.

வீடு விற்பனைப் பிரிவில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பார். நிலப் பதிவேட்டின் நகல் மேசைக்கு வரும். விற்பவரின் பெயரும் பதிவேட்டிலுள்ள பெயரும் ஒன்றுதானா? வீட்டின் மேல் எந்த வங்கியின் அடமானம் இருக்கிறது? வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்ட எல்லைக்குள் அந்தக் கார் நிறுத்துமிடம் அடங்குகிறதா? இந்தக் கேள்விகளை எழுதி மேலாளரிடம் கொண்டுபோனால், அவர் பாதியை அடித்துவிட்டு, நீ கவனிக்காத ஒன்றைச் சேர்ப்பார். அந்த அடித்தலில்தான் தொழில் இருக்கிறது. பல இடங்களில் இதற்கெல்லாம் நேரமும் எழுத வேண்டும்: ஆறு நிமிடம் ஓர் அலகு, ஒரு மணிக்குப் பத்து அலகு. தொலைபேசியில் பேசியதைக்கூடப் பதிய வேண்டும். பள்ளியிலிருந்து நேராக வருபவர்களை முதலில் திணறடிப்பது சட்டமல்ல, இந்தக் கணக்குத்தான்.

வாரத்தில் ஒரு நாள் படிப்புக்கு என்பது வழக்கம். அந்த நாளில் அலுவலக வேலை கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதே. அது உனக்குரிய நேரம்.

பணக் கணக்கைச் சொல்லுங்கள். (குரோய்டனிலிருந்து ஒரு தந்தை)

இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டுக்கான பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்டு. அதே விகிதத்தில் மூன்று வருடத்துக்கு 28,605. தங்குமிடக் கடன் தனி. புதிய கல்விக் கடன் திட்டத்தில், வருடச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 40 வருடம் வரை. அதன்பின் எஸ்.கியூ.இ. தேர்வுக் கட்டணம் மட்டும் ஐந்தாயிரம் பவுண்டுக்கு அருகில் வரும். ஆயத்த வகுப்புகளுக்கு மேலும் செலவாகும்.

அப்ரண்டிஸுக்கு இந்தச் செலவுகள் எதுவும் இல்லை, சம்பளமும் வருகிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் 0.5 சதவீதத்தை 2017 ஏப்ரல் முதல் பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. கல்விச் செலவு அந்தப் பணத்திலிருந்து போகிறது. சம்பளம் மட்டும் இடத்துக்கு இடம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லண்டன் நகர நிறுவனம் கொடுப்பதைத் தெருமுனைச் சட்ட அலுவலகம் கொடுக்காது.

"நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அரசின் நிதி விதிகளின்படி அப்ரண்டிஸிடம் பயிற்சிச் செலவை வாங்கக் கூடாது.

யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பத்தைக் கைவிட வேண்டுமா? (டூட்டிங்)

வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. யூகாஸுக்குப் பொதுவாக ஜனவரிக் கெடு. அப்ரண்டிஸ் இடங்களுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித் தேதி வைக்கும், சில இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடும். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. "பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் இது" என்று நினைக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன்: பல பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக இடம்தான் எளிதாகக் கிடைக்கிறது. நல்ல ஏ லெவல் மதிப்பெண், ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) தேர்ச்சி, அத்தோடு மனிதர்களோடு பழகிய ஏதாவது அனுபவம் தேவை. சித்தப்பாவின் கடையில் சனிக்கிழமை கல்லாவில் நின்றதை எழுதப் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். தாராளமாக எழுதட்டும். கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாளித்த கதையைத்தான் நேர்காணலில் கேட்பார்கள்.

எனக்கு 24 வயது. பட்டம் முடித்துப் பாராலீகலாக (சொலிசிட்டருக்கு உதவும் சட்டப் பணியாளராக) வேலை செய்கிறேன். இப்போது சேரலாமா?

2026 ஜனவரியிலிருந்து இந்த ஏழாம் நிலை (முதுகலைக்கு நிகரான) பயிற்சிக்கு அரசு நிதி, பொதுவாக 16 முதல் 21 வயதுக்குள் தொடங்குபவர்களுக்கு மட்டுமே. நிறுவனம் தன் கைப்பணத்தைப் போட்டால் உண்டு. ஆனால் உங்களுக்கு அது தேவையும் இல்லை. பாராலீகல் வேலையே, சொலிசிட்டர் ஆகத் தேவையான இரண்டு வருட வேலை அனுபவமாகக் கணக்கில் சேரலாம்; நான்கு இடங்கள் வரை பிரித்தும் காட்டலாம். உறுதிப்படுத்தும் கையெழுத்தை ஒவ்வோர் இடத்தையும் விட்டுப் போகும்போதே வாங்கிவிடுங்கள். எஸ்.கியூ.இ.யை வேலையோடு எழுதலாம்.

திருச்சியில் இருக்கும் தம்பி மகனை இதில் சேர்த்துவிட முடியுமா?

முடியாது. மாணவர் விசாவில் அப்ரண்டிஸ் வேலை செய்ய இயலாது. நிதி பெறுவதற்கும் பொதுவாக மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இந்தியாவிலும் இப்படி ஒரு வழி கிடையாது: 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் சட்டப் பட்டம் கேட்கிறது. அவர் அங்கேயே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடிக்கட்டும். பிறகு இங்கிலாந்து ஆசை மாறாமல் இருந்தால், எஸ்.கியூ.இ. முதல் கட்டத்தை இந்தியாவிலிருந்தே எழுதலாம். இரண்டாம் கட்டத்தின் வாய்மொழிப் பகுதிக்கு மட்டும் இங்கே வந்தாக வேண்டும். பயணச் செலவை இப்போதே தம்பியிடம் சொல்லி வையுங்கள்.