ஆகஸ்ட் ரஷ் தவறிவிட்டது. இன்ஃபார்மல் ரெக்ரூட்மென்ட்டில் நல்ல சொராரிட்டி கிடைக்குமா?

அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு, சொராரிட்டிகள், அதாவது கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட பெண்கள் சங்கங்கள், முறையாக ஆள் சேர்க்கும் ஆகஸ்ட் ரஷ்ஷில் கலந்துகொள்ளவில்லை, இனி இன்ஃபார்மலாக, அதாவது ரஷ்ஷுக்கு வெளியே, சேர்ந்தால் "யாரும் சீந்தாத சொராரிட்டிகள்தானே மிஞ்சியிருக்கும்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் அந்த வழியாகச் சேர்ந்தவள். இதே பேச்சை என் ரூம்மேட் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டவள்.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1902இல் தொடங்கிய நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் அமைப்பில் 26 சொராரிட்டிகள் இருக்கின்றன. ஒரு வளாகத்தில் அவற்றின் கிளை ஒவ்வொன்றும், அதாவது சாப்டர் ஒவ்வொன்றும், இத்தனை பேர் வரை இருக்கலாம் என்று ஓர் உச்ச எண் வைப்பார்கள். அதற்கு 'டோட்டல்' என்று பெயர். அதற்குக் கீழே இருக்கும் சாப்டர், ரஷ் முடிந்த பிறகும் பிட், அதாவது சேரச் சொல்லி அழைப்பு, கொடுக்கலாம். சி.ஓ.பி. (கன்டினியுவஸ் ஓப்பன் பிடிங்) என்று நீங்கள் கேள்விப்படுவது இதைத்தான். படிப்பு முடித்துப் போகிறவர்கள், வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்கள் என்று நல்ல சாப்டரிலும் இடம் காலியாகும். ஆள் சேராமல் திணறும் சாப்டரும் உண்டு, இல்லை என்று சாதிக்க மாட்டேன். போன வருஷம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் நேராக வருகிறதா, சுற்றி வளைத்து வருகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

என் கதை இதுதான். பென்சில்வேனியாவில் நடுத்தர அளவுள்ள ஒரு பல்கலைக்கழகம். ரஷ் நடந்த வாரம் நான் கும்பகோணத்தில் தாத்தாவின் சதாபிஷேகத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் தளத்தில் பாதிப் பெண்கள் கிரேக்க எழுத்துப் போட்ட டீ-ஷர்ட்டோடு திரிந்தார்கள். அக்டோபரில், இடமிருந்த சாப்டர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தன.

முதலில் போன இடத்தில் காபி, குக்கீஸ். வந்த பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியை ஒரே சிரிப்போடு கேட்டார்கள். என்னோடு பேசிக்கொண்டிருந்தவளின் கண் முழுக்க வாசலில், அடுத்து யார் வருகிறார்கள் என்று. அன்று ராத்திரியே பிட் வந்தது, மறுநாள் மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். "கிடைச்சதை விடுறியே, நீ பைத்தியமா?" என்றாள் ரூம்மேட்.

இன்னொரு சாப்டரின் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் போனபோது இரண்டு சீனியர்கள், சிங்க்கில் கிடந்த பாத்திரம் யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. ஒருத்தி என்னையே பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பொருளாளர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்: செமஸ்டர் கட்டணம், முதல் வருஷம் மட்டும் வரும் நியூ மெம்பர் கட்டணம், பேட்ஜுக்கு எவ்வளவு, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எவ்வளவு, தவணையில் கட்ட வழி உண்டா என்று வரிவரியாக. நான் கேட்கவே இல்லை. பணத்தைப் பற்றிக் கூசாமல் பேசுகிற இடத்தில் மற்றதையும் கூசாமல் பேசலாம் என்று தோன்றியது. அங்கேதான் சேர்ந்தேன்.

முறையான ரஷ் என்பது பஜ்ஜி சொஜ்ஜி தட்டோடு பெண் பார்க்கிற மாதிரி. இரண்டு பக்கமும் அலங்காரம். இன்ஃபார்மலில் அவர்கள் வீட்டில் சாதாரணமாக இருக்கும்போது பார்க்கலாம். அந்த வசதியை விடாதீர்கள். விசேஷம் எதுவும் இல்லாத நாளில் வரலாமா என்று நீங்களே கேளுங்கள்.

      

"நம்ம ஊர்ப் பெண்களுக்கென்றே தெற்காசிய சொராரிட்டிகள் இருக்கும்போது அங்கே ஏன் போனாய்?" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவார்கள், தெரியும். டெல்டா ஃபை ஒமேகா, கப்பா ஃபை காமா, சிக்மா சிக்மா ரோ மூன்றுமே 1998இல் தொடங்கியவை. நல்ல அமைப்புகள், என் தோழிகள் இருக்கிறார்கள். எங்கள் வளாகத்தில் ஒன்றின் அறிமுகக் கூட்டத்துக்கும் போனேன். அவர்கள் சேர்க்கும் முறை வேறு: சின்னக் குழு, நீண்ட பயிற்சி, அதிக நேரம். கெமிஸ்ட்ரி லேபோடு எனக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அதுவே பொருந்தலாம். போய்ப் பாருங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுவும் மனதில் ஓடிக்கொண்டிருக்கும், இல்லையா? "படிக்கப் போன இடத்துல எதுக்குடி இதெல்லாம்?" என்று அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 2020இல் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராகத் தன் ஏற்புரையில் சித்திகளைக் குறிப்பிட்டபோது எங்கள் குடும்ப வாட்ஸாப்பே கொண்டாடியது. அதே பேச்சில், அதே மூச்சில், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் தன் குடும்பம் என்றார் என்று நான்தான் எடுத்துக் காட்டினேன். அது 1908இல் ஹோவர்டில் தொடங்கிய கறுப்பினப் பெண்களின் சொராரிட்டி. வரலாறும் வேறு, சேரும் வழியும் வேறு. அதை அம்மாவிடம் விளக்கவில்லை. அவர் சமாதானமானால் போதும்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு விஷயம். பிட்டை ஏற்கும்போது தரும் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். அது ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு உங்களைக் கட்டும். நடுவில் விலகினால் அடுத்த ரஷ் வரை அதே வளாகத்தில் அந்த 26இல் வேறொன்றில் சேர முடியாது. இனிஷியேஷனும், அதாவது முழு உறுப்பினராக்கும் சடங்கும், முடிந்துவிட்டால் அந்த 26இல் வேறெதிலும் எப்போதுமே சேர முடியாது. ஒரு ராத்திரி யோசிக்க நேரம் கேட்டால் முகம் சுளிக்கிறவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

ராகிங் பயம் இருந்தால், ஹேசிங் என்று பல்கலைக்கழக இணையதளத்தில் தேடுங்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, விதிமீறிய மாணவர் அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். சாப்டர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜனவரி என்றால் தாமதமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டிசம்பரில் படிப்பு முடித்துப் போகிறவர்களால் பல இடங்களில் அப்போதுதான் இடம் திறக்கும். உங்கள் வளாகத்தின் பான்ஹெலனிக் அலுவலகத்துக்கு இந்த வாரமே மெயில் போட்டு, எந்தச் சாப்டர்களில் இடம் இருக்கிறது, மதிப்பெண் வரம்பு என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.