வீட்டுத் தோட்டத்து ஒட்டு இலந்தை புதராகிவிட்டது, காயும் சிறுத்துவிட்டது. தோண்டி எடுத்துவிடலாமா?

வேண்டாம். கடப்பாரையை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் பெரிய காயாகக் கொடுத்த மரம் இப்போது உச்சியில் மட்டும் சின்னச் சின்னதாகக் காய்க்கிறது, கீழே முழுக்க முள், வீட்டில் எல்லோரும் எடுத்துவிடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நட்டதிலிருந்து அதில் கத்தரி பட்டதே இல்லை என்று நினைக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் அதுதான் நடக்கிறது. இலந்தை வறட்சி தாங்கும், உப்புத் தண்ணீரும் ஓரளவு தாங்கும், அதனால் அதற்கு எதுவுமே செய்ய வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீர் விஷயத்தில் அது சரி. கவாத்து, அதாவது கிளைகளைக் கழித்து வெட்டும் விஷயத்தில் சரியில்லை. இலந்தை அந்தந்தப் பருவத்தில் விடும் புதுக் கொழுந்தில், இலைக்கணுவில்தான் பூக்கும். பழைய கிளையை அப்படியே விட்டால் புதுக் கொழுந்து மெலிந்து, நுனியில் மட்டும் வரும். மெலிந்த கொழுந்தில் காயும் சிறுத்துத்தான் போகும்.

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் இதே வழக்கு நடந்தது. நாங்கள் குடிவந்தபோதே பின்பக்கம் ஒரு ஒட்டு இலந்தை நின்றது. குழந்தைகள் ஓடும் இடம், காலில் முள் குத்தும், எடுத்துவிடலாம் என்றார் என் மாமனார். எனக்கு ஒரு பருவம் மட்டும் அவகாசம் கொடுங்கள் மாமா என்று கேட்டு வாங்கினேன். காய்ப்பு முடிந்து, வெயிலில் இலையெல்லாம் கொட்டி மரம் உறங்கும் சமயம் பார்த்துக் கவாத்து செய்தேன். தரையில் படுகிற கிளை, ஒன்றை ஒன்று உரசும் கிளை, காய்ந்தது எல்லாம் போனது. முந்தைய பருவத்துக் கிளைகளைப் பாதிக்கு வெட்டினேன். நாலைந்து தாய்க்கிளைகளும் அவற்றில் கொஞ்சம் குச்சிகளும்தான் மிச்சம்.

"மரத்தை மொட்டையடிச்சிட்டியேம்மா" என்றார் மாமா. பக்கத்து வீட்டு அக்கா ஒரு படி மேலே போய், பச்சை மரத்தை இப்படிச் செய்யலாமா, பாவம் இல்லையா என்று மதில் அந்தப்பக்கமிருந்து கேட்டார். அந்தச் சொல் எனக்கு உண்மையிலேயே வலித்தது. மரத்தைக் காப்பாற்றுவதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்?

அப்புறம் காத்திருப்புதான். இலந்தைக்கு முள் சோடியாக வரும், ஒன்று நேராக, இன்னொன்று கொக்கியாக. அந்த இரண்டு முள்ளுக்கும் இடையில், வெறும் பட்டை என்று நினைத்த இடத்தில், வெள்ளைப் பஞ்சு போர்த்திய மொக்கு ஒன்று உப்பியிருந்தது. கணுவுக்குக் கணு அப்படியே. மழை தொடங்கியதும் கொழுந்து விரல் தடிமனில் பாய்ந்து வந்தது. பூ மிகச் சின்னது, பச்சை கலந்த மஞ்சள், தூரத்திலிருந்து தெரியவே தெரியாது. ஆனால் ஈயும் குளவியும் தேனீயும் மரத்தை விட்டு நகரவில்லை. பூவிலிருந்து பழமாக ஐந்தாறு மாதம் பிடிக்கும், பொறுமை வேண்டும். அந்தப் பருவத்துப் பழம் கைக்கு எட்டும் உயரத்தில், பழைய காயைப் போல இரண்டு மடங்கு பருமனில் இருந்தது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், "இதுக்கு வருஷா வருஷம் கவாத்து பண்ணணும்" என்று விளக்குவது மாமாதான்.

எங்கள் மரத்தில் கத்தியே பட்டதில்லை, கூடை கூடையாகக் காய்க்கிறது என்று சிலர் கீழே எழுத வருவீர்கள், தெரியும். காய்க்கும், நான் மறுக்கவில்லை. காட்டு இலந்தையும்தான் காய்க்கிறது. கேட்டவருடைய சிக்கல் காயின் அளவும் முள்ளும் கை எட்டாத உயரமும். அதற்குத்தான் இந்தப் பதில்.

இதோடு ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கவாத்துக் கத்தரியை இரவல் கொடுக்காதீர்கள். என்னிடம் வாங்கிப் போன ஒருவர் அதில் கம்பி வெட்டியிருக்கிறார். வாய் பல் பல்லாகப் போய்த் திரும்பி வந்தது, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மழுங்கிய கத்தரி கிளையை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில் நோய் ஏறும். கருவியை மதிக்காதவர்களிடம் மரத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கத்தரி வைக்கும் முன் உங்கள் மரம் எந்த இலந்தை என்று பாருங்கள். ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளையாக, பஞ்சு படிந்தது போல இருந்தால் வெப்ப நாட்டு வகை. உம்ரான், கோலா, ஆப்பிள் இலந்தை எல்லாம் இதில் வரும். நான் சொன்ன கவாத்து இதற்குத்தான். இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தால் சீன இலந்தை. அது பழைய கிளையில் உள்ள குட்டை முடிச்சுகளிலிருந்தும் காய்க்குச்சி விடும். குளிர்காலத்தில் உதிர்ந்து உறங்கும். அதை இப்படி ஒட்ட வெட்டினால் காய் குறையும், லேசாகக் கழித்தால் போதும். இணையத்தில் ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்து மரத்தைக் கெடுத்தவர்கள் நிறைய.

கவாத்து செய்த கையோடு மரத்தடி மண்ணைக் கொத்திவிடுங்கள். பழ ஈயின் கூட்டுப்புழு அந்த மண்ணில்தான் இருக்கும், கிளறினால் வெயிலில் சாகும். உதிர்ந்த புழுப்பழத்தை அங்கேயே கிடக்க விடாதீர்கள். பிஞ்சில் வெள்ளைப் பொடி படிந்தால் அது சாம்பல் நோய், நனையும் கந்தகத் தூள் (wettable sulphur) லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம்.

கடைசியாக, ஒட்டுக் கட்டிய இடத்தைக் குனிந்து பாருங்கள். அந்த முடிச்சுக்குக் கீழேயிருந்து வேறு இலையோடு, அதிக முள்ளோடு தண்டு கிளம்பியிருந்தால் அது வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கு அடியாக வைத்த செடியின் தண்டு; சிறுத்த புளிப்புக் காய் அதனுடையதாக இருக்கலாம். அதை அடியோடு கிள்ளிவிடுங்கள். ஒட்டுப்பகுதி முழுக்கச் செத்து வேர்ச்செடி மட்டும் மிஞ்சியிருந்தாலும் தோண்ட வேண்டியதில்லை. உறக்கக் காலத்தில் அடிமரத்தைத் தாழ வெட்டிவிட்டால் புதுத் தண்டுகள் வரும். அதில் நேரான, பென்சில் பருமனுள்ள ஒன்றிரண்டை மட்டும் விட்டு, நல்ல மரத்து மொட்டு ஒன்றை எடுத்து அதில் ஒட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஆழத்தில் இறங்கிய ஆணிவேர் தயாராக இருப்பதால், புதிதாக நடும் கன்றைவிட இது சீக்கிரம் காய்ப்புக்கு வரும்.