சாவித்திரியோடு ஒப்பிட வேண்டாம்

கேள்வி: 18-ஆம் நூற்றாண்டில் கணவரோடு அமெரிக்கப் போர்க்களத்துக்கே போன ஜெர்மானியச் சீமாட்டி பிரெடெரிக்கா ரீடெசல் பற்றிப் படித்தேன். நம் சாவித்திரி போன்ற பதிவிரதை! இந்தக் காலத்துப் பெண்களுக்கு அவரைப் பாடமாக வைக்கலாம் அல்லவா?

பதில்: தாராளமாக வைக்கலாம், ஆனால் கணவர் பின்னால் போனதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டால் அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட, ஜெர்மானியச் சிற்றரசான பிரன்ஸ்விக்கின் கோமகன் கூலிக்கு அனுப்பிய படையின் தளபதி அவர் கணவர். பின்னாலேயே 1776 மே மாதம் மூன்று பெண் குழந்தைகளோடு கிளம்பினார். மூத்தவளுக்கு ஐந்து வயது நிரம்பவில்லை, கடைசிக் குழந்தை பிறந்து பத்து வாரம்தான். இங்கிலாந்தில் பல மாதம் காத்திருந்து, 1777 ஜூனில்தான் கனடா போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் சரடோகா, பிரிட்டிஷ் படை அமெரிக்கர்களிடம் தோற்ற போர்க்களம். அக்டோபர் 7 அன்று விருந்தாளிகளுக்காகச் சாப்பாட்டு மேசை தயார். சாப்பிட வரவேண்டிய தளபதி ஃபிரேசரைக் குண்டடிபட்ட உடம்போடு தூக்கி வந்து அங்கேயே கிடத்தினார்கள், மறுநாள் காலை அவர் இறந்துபோனார். படை பின்வாங்கியபோது அதிகாரிகள் பசியோடு இருப்பதைப் பார்த்த இந்தப் பெண்மணி, தலைமைத் தளபதி பர்காயினுக்கு அதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். தன் கடமையை நினைவுபடுத்தியதற்காக பர்காயினே நேரில் வந்து நன்றி சொன்னதாகச் சீமாட்டி எழுதியிருக்கிறார். அதே பர்காயின் பாட்டும் குடியுமாக இரவுகளைக் கழித்ததையும் அவர் மறைக்கவில்லை.

பிறகு ஆறு நாள் ஒரு வீட்டின் நிலவறையில், காயம்பட்டவர்களோடும் குழந்தைகளோடும் அடைந்து கிடந்தார். நாற்றம் தாங்காமல் ஆட்களை வைத்து நிலவறையைச் சுத்தம் செய்ய வைத்து, தணலில் வினிகரைத் தெளித்துப் புகை போட்டார், யார் எங்கே இருப்பது என்று பிரித்து வைத்தார். மேலே ஒரு மருத்துவருக்குக் காலை எடுக்கும் சிகிச்சை நடக்கும்போதே பீரங்கிக் குண்டு வந்து இன்னொரு காலையும் கொண்டுபோனது.

பர்காயினின் படை சரணடைந்த பிறகும் அவர் நிமிர்ந்துதான் நின்றார். மறைத்து வைத்திருந்த படைக் கொடிகளை மெத்தைக்குள் வைத்துத் தைக்கச் செய்து எதிரி கையில் சிக்காமல் காப்பாற்றினார். 1783-ல் ஊர் திரும்பினார். அவருடைய குறிப்புகள் 1800-ல் பெர்லினில் நூலாக வந்தன. சரடோகா நிலவறையில் நடந்தது இவ்வளவு நுணுக்கமாக நமக்குத் தெரிவது அவர் எழுதி வைத்ததால்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிலவறையில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போனபோது, ஆண்கள் தலைகாட்டினால் சுடுவார்கள் என்ற நிலையில், ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தவர் சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மனைவி. அவரும் கணவரோடு வந்தவர்தான், பட்டமும் இல்லை, வண்டியும் இல்லை. சீமாட்டி அவரைப் பற்றி நன்றியோடு எழுதியிருக்கிறார், ஆனால் பெயரைக் குறிக்கவில்லை. பாடம் வைப்பதென்றால் அந்தப் பெண்ணையும் சேர்த்து வையுங்கள்.