பத்தாம் எண் சட்டை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். செவிலியரான என் மனைவியுடன் அயர்லாந்தின் லிமரிக் நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, அப்பா படுத்த படுக்கையான பிறகு குடும்பத்தோடு ஊர் திரும்பினேன். மனைவி இங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். நான் அப்பாவின் ரப்பர் விளையைக் கவனித்துக்கொள்கிறேன். என் மனைவியின் தம்பி டப்ளினில் இருக்கிறான். அயர்லாந்துக்கு வந்த புதிதில் அவன் தங்கியிருந்தது எங்கள் வீட்டில்தான்.

நான் எழுதும் காரணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிக்கக்கூடும். எனக்கும் அவனுக்கும் பேச்சு நின்றுபோனது, ரக்பி அணியில் யார் ஆட வேண்டும் என்ற வாக்குவாதத்தால். லிமரிக்கில் வாழ்ந்த எனக்கு மன்ஸ்டர் அணி. டப்ளினில் வாழும் அவனுக்கு லெய்ன்ஸ்டர் அணி. இரண்டு மாகாணங்களும் தேசிய அணிக்கு ஆட்களைத் தருவதால், அயர்லாந்தின் பத்தாம் எண் சட்டையை யார் அணிவது என்பது ஒவ்வோர் ஆண்டும் தகராறாகிறது. பத்தாம் எண் என்பது ஃப்ளை-ஹாஃப், அதாவது பந்தை உதைப்பதா, கையில் கொண்டு ஓடுவதா, அடுத்தவருக்குக் கடத்துவதா என்று நொடிக்கு நொடி முடிவெடுத்து ஆட்டத்தை நடத்துபவர். 2023 உலகக் கோப்பையோடு ஜானி செக்ஸ்டன் ஓய்வு பெற்றபோது, அந்தச் சுமையை எங்கள் ஜாக் க்ரோலி ஏற்றார். ஐரோப்பாவின் ஆறு அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் தொடரில், 2024 இல் ஐந்து ஆட்டங்களையும் அவரே தொடங்கினார், அயர்லாந்து கோப்பையை வென்றது. மறு ஆண்டே, 2025 தொடரின் முதல் நான்கு ஆட்டங்களில் லெய்ன்ஸ்டரின் இளைஞர் சாம் ப்ரெண்டர்காஸ்டைத் தொடங்க வைத்து, க்ரோலியை மாற்று ஆட்டக்காரராக உட்கார வைத்தார்கள். கோப்பை வாங்கித் தந்தவனுக்கு இதுதான் கூலியா என்று நான் கேட்டேன். பத்து வருடத்துக்கு ஆடப்போகிறவனை இப்போதே பழக்க வேண்டாமா என்று அவன் கேட்டான்.

முன்பும் நாங்கள் இப்படிப் பேசியதுண்டு. 2019 உலகக் கோப்பைக்கு லெய்ன்ஸ்டரின் டெவின் டோனரை விட்டுவிட்டு மன்ஸ்டரின் ஜீன் க்ளெய்னை எடுத்தபோது அவன் கொதித்தான், நான் கேலி செய்தேன். பேசிக்கொண்டே ஒரே தட்டில் சோறு தின்றோம். இப்போது பழைய நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை இரவில் கூட்டு அழைப்பில் சேர்ந்து, அடுத்த பருவத்துக்கான அணியை ஆளுக்கொன்றாகச் சொல்வது வழக்கம். அப்படி ஓர் இரவில், எல்லோர் முன்னிலையிலும் அவன், “அத்தான், நீங்க இப்போ ஊர்ல இருக்கீங்க. நேர்ல போய்ப் பாக்குறவங்க சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க” என்றான். நான் அழைப்பைத் துண்டித்தேன். அதன் பிறகு அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. மனைவியோ, “ஒரு பந்து வெளயாட்டுக்கு வேண்டி யாராவது சொந்தத்த முறிப்பாங்களா?” என்கிறாள். அவன் ஊரில் கட்டியிருக்கும் வீட்டின் புதுமனை புகுவிழா நெருங்குகிறது. அக்காவின் கணவனாக நான் முன்னின்று நடத்த வேண்டிய காரியம் அது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இரவில் படுத்தால் தூக்கம் வருவதில்லை, மனதுக்குள் அவனோடு வாதாடிக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ஏதேனும் கோளாறா? நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்களுக்குக் கோளாறு எதுவும் இருப்பதாக இந்தக் கடிதத்தை வைத்து நான் கருதவில்லை. நம் குமரி மாவட்டத்தின் கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் கால்பந்துத் தொடருக்கு ஊர் அணியைத் தேர்ந்தெடுக்கும் நாட்களில் கேட்டுப் பாருங்கள். அண்ணன் தம்பிகளே முகம் கொடுத்துப் பேசாமல் நடப்பார்கள். உங்கள் மனைவி அதை ‘ஒரு பந்து விளையாட்டு’ என்று ஒதுக்கினாலும், அதில் நீங்கள் வைத்திருக்கும் அக்கறை உண்மையானது. அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லி உங்களை வெட்கப்பட வைப்பதால் தூக்கம் திரும்பிவிடாது.

முதலில் வாக்குவாதத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதைத் தாண்டிப் போய்விடத்தான் எல்லோரும் உங்களுக்கு அறிவுரை சொல்லியிருப்பார்கள். நீங்களும் உங்கள் மைத்துனரும் ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொல்லிக்கொண்டிருப்பதாக நினைக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் காண்பது இரண்டு வெவ்வேறு கேள்விகள். ‘யார் அந்த இடத்தை உழைத்துச் சம்பாதித்தார்?’ என்பது உங்களுடையது. ‘வருங்காலத்தில் யாரால் அணிக்குப் பயன்?’ என்பது அவருடையது. இந்த இரண்டுக்கும் நடுவில், ‘இன்றைய தேதியில் யார் சிறப்பாக ஆடுகிறார்?’ என்ற மூன்றாவது கேள்வி இருக்கிறது. அதை நீங்கள் இருவரும் தொட்டதாகவே தெரியவில்லை. க்ரோலிக்கு அநீதி நடந்தது என்பதும், ப்ரெண்டர்காஸ்டுக்கு அனுபவம் தர வேண்டும் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். முரண்படாத இரண்டு கூற்றுகளை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தோற்கடிக்க முயன்றால் அந்தப் பேச்சுக்கு முடிவே வராது, சத்தம்தான் கூடும்.

நீங்கள் ரக்பி அறிந்தவர் என்பதால் உங்கள் ஆட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 2013 இல், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைக்கும் பிரிட்டிஷ் மற்றும் ஐரிஷ் லயன்ஸ் அணி ஆஸ்திரேலியாவில் மூன்றாவது, தொடரைத் தீர்மானிக்கும் டெஸ்டுக்குத் தயாரானபோது, பயிற்சியாளர் வாரன் காட்லேண்ட், அயர்லாந்தின் பிரையன் ஓ’ட்ரிஸ்காலை அடியோடு நீக்கிவிட்டு வேல்ஸின் ஜொனாதன் டேவிஸைத் தேர்ந்தெடுத்தார். அயர்லாந்தே கொதித்தது. லயன்ஸ் 41–16 என்று வென்று தொடரையும் கைப்பற்றியது. ஆயினும் அந்தக் கோபம் அடங்கவில்லை, இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் குரல் உயரும். காரணம் எளிது: கோபப்பட்டவர்கள் ‘அவர் இல்லாவிட்டால் தோற்போம்’ என்று வாதாடவில்லை, ‘இத்தனை ஆண்டு உழைத்தவரை இப்படி அனுப்பலாமா’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் புள்ளிப் பலகையில் விடை இல்லை.

பருவம் தொடங்கட்டும், ஆட்டமே தீர்ப்புச் சொல்லிவிடும் என்று நீங்கள் காத்திருந்தால் அதுவும் நடக்கும் என்று தோன்றவில்லை. 2023 உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்கா அறிவித்த முதல் பட்டியலில் ஹான்ட்ரே பொல்லார்ட் இல்லை. காயத்திலிருந்து அவர் முழுமையாக மீண்டிருக்கவில்லை. முன்வரிசையின் நடுவில் நின்று முட்டித் தள்ளும் ஹூக்கரான மால்கம் மார்க்ஸ் காயமடைந்த பிறகுதான், அந்த இடத்துக்கு, ஃப்ளை-ஹாஃபான பொல்லார்ட் வந்து சேர்ந்தார். அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15 என்று சாய்த்த கடைசி பெனால்டி அவர் உதைத்தது. நியூசிலாந்தை 12–11 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் பன்னிரண்டு புள்ளிகளும் அவருடையவை. இதை வைத்து, ‘ஆரம்பத்திலேயே எடுத்திருக்க வேண்டும்’ என்று ஒருவர் சொல்லலாம். ‘ஓய்வு கிடைத்ததால்தான் அப்படி ஆடினார்’ என்று இன்னொருவர் சொல்லலாம். தான் முன்பே முடிவு செய்ததற்கு ஏற்ற சான்றுகளை மட்டும் பொறுக்கி எடுப்பது மனத்தின் பழைய வழக்கம். இதை உறுதிப்படுத்தல் சார்பு என்கிறோம்.

பருவத்துக்கு முந்தைய வாரங்கள் இந்தச் சார்புக்குப் பொன்னான காலம், ஏனெனில் அப்போது மறுக்க எந்தச் சான்றும் இருப்பதில்லை. தேசிய அணியில் ஆடியவர்கள் கோடை ஓய்வு முடிந்து தாமதமாகத்தான் மாகாண அணிகளுக்குத் திரும்புகிறார்கள். ஆகஸ்ட் மாத நட்பு ஆட்டங்களில் பயிற்சியாளர்கள் இளைஞர்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள், பாதி ஆட்டத்தில் அணியையே மாற்றுகிறார்கள். அதைப் பார்த்து முடிவுக்கு வருவது டப்ளினில் திடலில் அமர்ந்திருப்பவருக்கும் எளிதன்று. ஆகவே ‘நேரில் பார்க்கிறவர்’ என்ற தகுதிக்கு அந்த வாரங்களில் பெரிய மதிப்பு இல்லை என்று நீங்கள் அவரிடம் நியாயமாகவே சொல்லியிருக்கலாம். இது என் தொழிலுக்கு அப்பாற்பட்ட கருத்து என்றாலும் சொல்லிவிட்டேன்.

அந்தச் சொல் உங்களைச் சுட்டது ரக்பி காரணத்தால் இல்லை. 1970 ஆம் ஆண்டை ஒட்டி ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களை, எந்த ஓவியரின் படம் பிடிக்கும் என்பது போன்ற அற்பமான காரணத்தைச் சொல்லி இரண்டு குழுக்களாகப் பிரித்தார். முன்பின் பகையே இல்லாத அந்தச் சிறுவர்கள், பணத்தைப் பங்கிடும் வாய்ப்புக் கிடைத்ததும் தம் குழுவினர் பக்கமே சாய்ந்தார்கள். ஓவியத்துக்கே இப்படியென்றால், நீங்கள் வேலை பார்த்து, பிள்ளை வளர்த்து, மழையில் நனைந்துகொண்டு ஆட்டம் பார்த்த நகரத்தின் அணி உங்களுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கும்! நண்பர்கள் முன்னிலையில் உங்கள் மைத்துனர் சொன்ன ஒரு வாக்கியம், அந்தக் குழுவிலிருந்து உங்கள் பெயரை வெட்டியது. க்ரோலியை உட்கார வைத்ததைப் பற்றி நீங்கள் என்ன உணர்ந்தீர்களோ, ஏறக்குறைய அதையே அந்த இரவில் உங்களைப் பற்றியும் உணர்ந்திருப்பீர்கள்.

ஆனால் இதை நான் மேலும் நீட்ட மாட்டேன். வெளிநாட்டை விட்டு வந்த ஏக்கம்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று விளக்குவது எங்கள் துறையில் மிக எளிது, பெரும்பாலும் அது மிகையாகவும் இருக்கும். உங்களுக்கு க்ரோலியின் ஆட்டம் உண்மையாகவே பிடித்திருக்கிறது. அதை நோயின் அறிகுறியாக மாற்றத் தேவையில்லை. நான் கவனிக்கச் சொல்வது அன்றாட விஷயங்களை. ஜூன் தொடங்கி நம் பக்கம் மழை பிடித்தால் பால்வெட்டு நின்றுபோகிறது, விளையில் வேலை குறைகிறது, நேரம் கனக்கிறது. அங்கே அணித் தேர்வுப் பேச்சு சூடு பிடிப்பதும் அதே மாதங்களில்தான். அவர் வேலை முடித்து மாலை ஏழு மணிக்குப் பேச உட்காரும்போது, அங்கே கோடைக்காலமாக இருப்பதால், உங்களுக்கு இரவு பதினொன்றரை. நாள் முழுதும் நோயாளியான அப்பாவைக் கவனித்துவிட்டு அந்த நேரத்தில் வாதாடினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? 2019 இல் நீங்கள் இருவரும் இதைவிடக் கடுமையாகவே பேசியிருப்பீர்கள். அன்று எதிரில் முகம் இருந்தது, தட்டில் சோறு இருந்தது, கேட்டுக்கொண்டிருக்க வேறு யாரும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். அவரைத் தனியாக அழையுங்கள். உங்களுக்கு மாலையும் அவருக்கு நண்பகலும் ஆன ஒரு விடுமுறை நாளாக இருக்கட்டும். மனைவியைத் தூது அனுப்பாதீர்கள். தம்பிக்கும் கணவனுக்கும் நடுவில் அவர் ஏற்கெனவே போதுமான அளவு நிற்கிறார். வீட்டு வேலை எதுவரை வந்திருக்கிறது, அழைப்பிதழ் அடித்தாயிற்றா, சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று தொடங்குங்கள். அவர் இளையவர், நீங்கள் அத்தான் முறை. முதலில் அழைப்பதால் உங்கள் மரியாதை குறையாது, நம் ஊர் வழக்கப்படி அது உங்கள் இடத்துக்கு உரிய செயல்தான். பிறகு சுற்றி வளைக்காமல், “நீ க்ரோலியைப் பற்றிச் சொன்னது எனக்கு வருத்தமில்லை, ஊரில் இருக்கிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னதுதான் வருத்தம்” என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அவர் மன்னிப்புக் கேட்டே தீர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தச் சொல்லை அவர் நினைவில்கூட வைத்திருக்காமல் இருக்கலாம். நீங்கள் அழைப்பைத் துண்டித்தது அவருக்கும் நண்பர்கள் முன்னால் நடந்த அவமானமாக இருக்கலாம்.

ரக்பிப் பேச்சை விட்டுவிடச் சொல்லவில்லை. கூட்டு அழைப்பிலிருந்து இந்தப் பருவம் தொடங்கும் வரை விலகியிருங்கள். இருவர் மட்டும் பேசும்போது, எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பத்தாம் எண்ணிலிருந்தும் தொடங்காதீர்கள். இருபத்து மூன்று பேர் பட்டியலில் எட்டு மாற்று ஆட்டக்காரர்கள் உண்டல்லவா? முன்வரிசைக்கு மூவரைக் கட்டாயமாக ஒதுக்கிய பிறகு மிச்சமுள்ள ஐந்து இடங்களில், முட்டித் தள்ளும் முன்களத்துக்கு எத்தனை, பந்தோடு ஓடி ஆடும் பின்களத்துக்கு எத்தனை என்று இருவரும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா 2023 இறுதி ஆட்டத்தில் ஏழு முன்களத்தவரையும் ஒரே ஒரு பின்களத்தவரையும் வைத்து எல்லோரையும் திகைக்க வைத்தது. அந்த ஏழு பேரில் ஒருவர், நீங்கள் இருவரும் 2019 இல் சண்டையிட்ட அதே ஜீன் க்ளெய்ன். அயர்லாந்துக்காக ஆடியவர், பிறந்த நாட்டுக்கு மாறி உலகக் கோப்பையையும் வென்றுவிட்டார். உங்கள் மைத்துனரிடம் மறுபடி பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை நீடித்தால், பசி குறைந்தால், அல்லது அப்பாவைக் கவனிக்கும் வேலையே பெரும் பாரமாகத் தோன்றத் தொடங்கினால், ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். அப்போது பேச வேண்டியது ரக்பியைப் பற்றி இருக்காது; நோயாளியைக் கவனிப்பவரின் களைப்பைப் பற்றி இருக்கும். அதை உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.