பேச்சு வராதவர் கன்சல்டன்ட் ஆகலாமா?

"கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு சிறு தொழிற்சாலைகளுக்கு ஆலோசகராகப் போக ஆசை. ஆனால் நாலு பேர் முன்னால் பேச வராது, கூச்ச சுபாவம். ஒத்துவருமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக ஒத்துவரும். பேச்சைப் பற்றிய கவலையை விடுங்கள். உங்கள் கூச்சம் இடிக்கப்போகும் இடம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வேண்டியது, கேட்கிற பொறுமை. தொழிலுக்கு வந்த புதிதில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரிக்குப் போனேன். வார்ப்புகளில் ப்ளோ ஹோல், அதாவது காற்று ஓட்டை, விழுந்து ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. ஆட்களுக்கு அக்கறை இல்லை என்று முதலாளி அடித்துச் சொன்னார், நானும் இரண்டு நாள் ரிஜிஸ்டரையே புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் நைட் ஷிஃப்டில் போய்ச் சும்மா நின்றபோது, வார்ப்புக்கு மணல் அச்சு செய்கிற வயதான மோல்டர் ஒருவர் ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "பாருங்க தம்பி, கையிலயே ஒட்டுது. ராத்திரியில இதை யாரு டெஸ்ட் பண்றாங்க?" மணலில் ஈரம் கூடினால் உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி வார்ப்புக்குள் ஓட்டை விடும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, ஆனால் மணலைச் சோதிக்கிறவர் மாலையே வீட்டுக்குப் போய்விடுகிறார் என்பது எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

அடுத்தது இதைவிடக் கஷ்டம். இரவுக்குச் சோதனை ஆள் வேண்டாம் என்று முடிவெடுத்ததே அந்த முதலாளிதான், அதை அவரிடமே சொல்ல வேண்டும். மழுப்பவும் கூடாது, பத்துப் பேர் முன்னால் போட்டு உடைக்கவும் கூடாது. தனியாக உட்கார்ந்து, கழித்துப்போட்டு மறுபடி உருக்கிய வார்ப்புகளுக்கு ஒரு மாதத்தில் எவ்வளவு கரண்ட், எவ்வளவு கூலி என்று கணக்கைக் காட்டினேன், ஆள் போட்டார். கண்டுபிடித்தது மோல்டர் என்பதையும் சொன்னேன். அதை என் பெயரில் எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த முறை அங்கே யாரும் என்னிடம் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் கூச்சத்துக்கு வருவோம். காசு கேட்கும் இடத்தில்தான் அது காலை வாரும். "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று ஆரம்பித்த வேலைக்குப் பெரும்பாலும் பணம் இழுபடும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு, குறு நிறுவனத்துக்கு, சேவை தருவதானாலும், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் வட்டியும் உண்டு. ஆனாலும் அட்வான்ஸ் இவ்வளவு என்று முதல் நாளே வாய்விட்டுக் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

வேலையை உடனே விட வேண்டாம். உங்கள் கம்பெனியிலேயே தீராமல் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு கோளாறை எடுத்துக்கொண்டு, ஷிஃப்டில் நின்று விசாரித்து, காரணத்தை ஒரே பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். அவர் முகம் சுளித்தால் அன்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்து பழகுங்கள்.