முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ஒரே நாளில் புளூ மவுண்டன்ஸ்: ரயிலில் போய்வர முடியுமா?

கேள்வி: நாங்கள் சிட்னியில் வசிக்கிறோம். ஜூலை மாதம் என் பெற்றோர் இங்கே வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படிகள் ஏறி இறங்குவது சிரமம். எங்களிடம் கார் இல்லை. ஒரே நாளில் ரயிலில் புளூ மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவைப் பார்த்துத் திரும்ப முடியுமா, அல்லது சுற்றுலாப் பேருந்தில் போவதுதான் நல்லதா?

பதில்: தாராளமாக முடியும். உங்கள் குடும்பத்துக்குச் சுற்றுலாப் பேருந்தைவிட ரயிலே ஏற்றது என்றும் சொல்வேன். ஆனால் எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்ற பட்டியலிலிருந்து திட்டத்தைத் தொடங்காதீர்கள். மலைமேல் வெளிச்சத்தோடு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். சிட்னி சென்ட்ரல் நிலையத்திலிருந்து, மலைமேல் இருக்கும் கேட்டூம்பா ஊருக்கு ஏறத்தாழ 2 மணி நேரப் பயணம். ஜூலையில் மாலை 5 மணியையொட்டிச் சூரியன் மறைந்துவிடும். காலை 7.30 மணியளவில் ரயிலேறினால், உணவுக்கும் ஓய்வுக்கும் போக ஐந்து மணி நேரம் மிஞ்சும். 2,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த இந்தப் பூங்காவில், கேட்டூம்பாவையொட்டிய ஜேமிசன் பள்ளத்தாக்கு ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்க அது போதும். லூரா, வென்ட்வொர்த் அருவி, பிளாக்ஹீத் என எல்லாவற்றையும் அதே நாளில் சேர்த்தால், அம்மாவுக்கு இருக்கை மாறி இருக்கை மாறி அமர்ந்ததுதான் நினைவில் நிற்கும்.

வார நாளில் போவதே நல்லது. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் ஓப்பல் எனப்படும் பயண அட்டையின் நாள் கட்டண உச்சவரம்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் வார இறுதிகளில் இந்தப் பாதையில் பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்திவிட்டு, பாதித் தூரத்துக்குப் பேருந்து விடுவது அடிக்கடி நடக்கிறது. நெடுந்தூர ரயிலில் கழிப்பறை உண்டு, மாற்றுப் பேருந்தில் அதை எதிர்பார்க்க முடியாது. பெரியவர்களோடு போகும்போது இந்த ஒரு வித்தியாசமே நாளின் போக்கை மாற்றிவிடும். எந்த நாளைத் தேர்ந்தெடுத்தாலும், முந்தைய இரவே போக்குவரத்துச் செயலியில் பாதை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேட்டூம்பா நிலையத்திலிருந்து எக்கோ பாயிண்ட் காட்சிமுனை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். 686 எண் பேருந்து அங்கே செல்லும். நடந்து போகும் பார்வையாளருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. த்ரீ சிஸ்டர்ஸ் எனப்படும் மூன்று மணற்கல் பாறைகள் இங்கிருந்துதான் நேர் எதிரே தெரியும். அவற்றுக்குச் சொல்லப்படும் 922, 918, 906 மீட்டர் என்ற அளவுகள் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டவை. பாறைகளே அவ்வளவு உயரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கிருந்து ஸ்பூனர்ஸ் காட்சிமுனை வரையிலான பாதை சக்கர நாற்காலியும் செல்லக்கூடியது என்பதால், அம்மா அதுவரை தயக்கமின்றி நடக்கலாம். அதற்கு அப்பால் முதல் பாறையை இணைக்கும் சிறு பாலத்துக்குச் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். அப்பா மட்டும் போய்வரட்டும். அங்கிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கும் ஜயண்ட் ஸ்டேர்வே 900-க்கும் மேற்பட்ட படிகளைக் கொண்டது. அதில் பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டால் மேலேறவும் முடியாது, கீழிறங்கவும் முடியாது; அந்த எண்ணமே வேண்டாம்.

படியில்லாமல் பள்ளத்தாக்கின் அடிக்குப் போக வழியுண்டு. 'சீனிக் வேர்ல்ட்' என்ற தனியார் வளாகத்தின் கேபிள் வண்டியில் அம்மா அமைதியாக இறங்கி, அதே வண்டியில் திரும்பி ஏறலாம். 52 பாகைச் சரிவில் இறங்கும் சிறு ரயிலும் அங்கே இருக்கிறது. சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றப் போட்ட பாதை அது. கீழே மழைக்காட்டினூடே 2.4 கிலோமீட்டருக்கு மரப்பலகை நடைபாதை அமைத்திருக்கிறார்கள். முழுவதையும் நடக்க வேண்டியதில்லை. மரப்பெரணிகளின் நிழலில் இருநூறு அடி நடந்தாலே, மேலிருந்து பச்சைக் கம்பளமாகத் தெரிந்த காடு எத்தனை ஈரமானது என்பது புரியும். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கடைசி வண்டி நேரத்தை நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுலாப் பேருந்தை நான் பரிந்துரைக்காததற்கு முக்கியக் காரணம் மூடுபனி. ஒரு குளிர்காலக் காலையில் என் அம்மாவை எக்கோ பாயிண்டுக்கு அழைத்துச் சென்றபோது, கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளைச் சுவர்போல் மேகம் மட்டுமே நின்றது. கம்பியின் அடியில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. கீழே எங்கோ பறவைகள் கூவுவது மட்டும் கேட்டது. எங்களருகே நின்ற ஒரு குழு பத்து நிமிடத்தில் பேருந்தேறிப் போய்விட்டது. நாங்கள் சூடாகத் தேநீர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தபோது, மேகம் மெல்லக் கிழிந்து முதலில் ஒரு பாறையின் தலையும், பிறகு பள்ளத்தாக்கு முழுவதும் வெளிப்பட்டன. ரயிலில் வந்ததால்தான் எங்களால் காத்திருக்க முடிந்தது. பனி விலகாவிட்டால், வரிசையை மாற்றி முதலில் கேபிள் வண்டியில் இறங்கிவிடுங்கள். காடு மூடுபனியிலும் அழகு குன்றாது.

வானம் தெளிந்த நாளில் தொலைவு முகடுகள் நீலமாகத் தெரியும். தைல மர இலைகளிலிருந்து ஆவியாகும் எண்ணெய் காற்றில் நுண்துகள்களாகி நீல ஒளியைச் சிதறடிப்பதால் அந்த நிறம் என்று விளக்குவார்கள். ஊட்டியில் நாம் பார்க்கும் தைல மரங்களின் தாயகமே ஆஸ்திரேலியாதான் என்பதை அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

கேட்டூம்பா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஜூலையில் பகலிலும் வெப்பநிலை 10 பாகையை ஒட்டியே இருக்கும். காற்றும் அடித்தால் சிட்னியில் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர் போதாது. காது மூடும் குல்லா, கையுறை, காற்றுத் தடுக்கும் மேல்சட்டை மூன்றையும் எல்லோருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வானம் தெளிவாக இருந்தால், கேபிள் வண்டியை முடித்துக்கொண்டு மூன்றரை மணியளவில் மறுபடியும் எக்கோ பாயிண்டுக்கு வாருங்கள். மேற்கே சாயும் வெயில் பட்டு, காலையில் சாம்பல் பூத்திருந்த மணற்கல் தேன் நிறமாக மாறும். அங்கிருந்து நாலரை மணிக்குள் பேருந்தேறிவிடுங்கள். சிட்னிக்கு ஏறத்தாழ மணிக்கு ஒரு ரயில்தான் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால், இருட்டிய பிறகு அந்த நடைமேடைக் குளிரில் அம்மாவை ஒரு மணி நேரம் உட்கார வைக்க நேரும்.