ஃபைப்ரோமயால்ஜியாவா, வேற ஏதாவதா? உங்க கேள்விக்கெல்லாம் என் பதில்

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. ஒன்பது வருஷமா ஃபைப்ரோமயால்ஜியாங்கற, உடம்பு பூரா வர்ற இந்த நாள்பட்ட வலியோட இருக்கேன், அதுல முதல் நாலு வருஷம் இதுக்கு என்ன பேருன்னே தெரியாம அலைஞ்சேன். அந்த நாலு வருஷம் உங்க யாருக்கும் வீணாப் போகக் கூடாதுன்னுதான் உக்காந்து எழுதறேன்.

கேள்வி: அக்கா, உடம்பு பூரா வலி, எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, எல்லாமே நார்மல். "உங்களுக்கு ஒண்ணுமில்லமா"ன்னு அனுப்பிட்டாங்க. அப்போ இந்த வலி என்ன?

ரிப்போர்ட் நார்மல்னா உனக்கு வலி இல்லன்னு அர்த்தம் இல்லமா. ஃபைப்ரோமயால்ஜியா பிளட் டெஸ்ட்லயோ எக்ஸ்ரேலயோ எம்ஆர்ஐலயோ தெரியவே தெரியாது. மூட்டுல வீக்கம் இருக்காது, தசை கெட்டுப் போயிருக்காது. வலியக் கடத்தற நரம்பும் மூளையும் ரொம்ப உஷாராகி, சின்னத் தொடுதலக் கூட பெருசாக்கிக் காட்டுது, கோளாறு அங்கதான். அதனால இதைக் கண்டுபிடிக்கறது நீ சொல்றத வெச்சும், டாக்டர் தொட்டுப் பாக்கறத வெச்சும்தான். முடிஞ்சா ஒரு ருமடாலஜிஸ்ட்ட (மூட்டு, தசை நோய் டாக்டர்) பாரு.

கேள்வி: 18 இடத்துல அழுத்திப் பாப்பாங்களாமே, எனக்கு 7 இடத்துலதான் வலிச்சுது. அப்போ எனக்கு இல்லையா?

அது 1990ல வந்த பழைய முறை. 18 புள்ளியில 11ல வலிக்கணும்னு வெச்சிருந்தாங்க. எவ்வளவு அழுத்தறதுங்கறது ஆளுக்கு ஆள் மாறுது, இன்னைக்கு 12 வலிக்கும் நாளைக்கு 8தான் வலிக்கும், அதனால 2010ல அதை மாத்தி 2016ல இன்னும் திருத்தினாங்க. இப்போ என்னன்னா, உடம்புல 19 இடம் சொல்லி போன ஒரு வாரத்துல எங்கெல்லாம் வலிச்சுதுன்னு எண்ணுவாங்க. அப்புறம் அசதி, தூங்கி எழுந்தும் தூங்காத மாதிரி இருக்கறது, மறதி, இந்த மூணுக்கும் 0லேருந்து 3 வரைக்கும் மார்க், கூடவே தலைவலி, அடிவயிறு வலி, மனச்சோர்வு இருந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க், மொத்தம் 12. வலி 7 இடம் அதுக்கு மேல இருந்து இந்த மார்க் 5 அல்லது அதுக்கு மேல வந்தாலோ, இல்ல வலி 4லேருந்து 6 இடம்னு இருந்து மார்க் 9 அதுக்கு மேல வந்தாலோ ஃபைப்ரோன்னு கணக்குல வரும். ஒரே பக்கம் மட்டும் வலிச்சா பத்தாது, உடம்ப அஞ்சு பகுதியாப் பிரிச்சா நாலு பகுதியிலாவது வலி இருக்கணும், குறைஞ்சது 3 மாசமா இருக்கணும்.

கேள்வி: ஏஎன்ஏ பாசிடிவ் வந்திருக்கு, லூபஸா இருக்குமோன்னு ரெண்டு நாளா தூக்கமே இல்ல மேடம்.

பயப்படாதீங்க. ஏஎன்ஏங்கறது நம்ம உடம்பையே தாக்கற எதிர்பொருள் ரத்தத்துல இருக்கான்னு பாக்கற டெஸ்ட், நல்லா இருக்கறவங்கள்லயே சில பேருக்கு அது லேசா பாசிடிவ் வரும். லூபஸ்னா (எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்பைத் தாக்கற நோய்) வெயில் பட்டா தோல்ல தடிப்பு, வாய்ப்புண், மூட்டு வீக்கம், சிறுநீர்ல புரதம்னு வேற அடையாளமும் இருக்கும், அதெல்லாம் உங்களுக்கு இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. என்னைக் கேட்டா, முதல்ல பாக்க வேண்டியது சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), இஎஸ்ஆர், சிஆர்பி (ரெண்டும் உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டும்), தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், கால்சியம், வைட்டமின் டி, தசை பலம் குறைஞ்ச மாதிரி இருந்தா சிகே (தசை சேதத்தைக் காட்டற ரத்த டெஸ்ட்). இது ஃபைப்ரோவ நிரூபிக்கறதுக்கு இல்ல, அதே மாதிரி நடிக்கற மத்ததெல்லாம் இல்லன்னு பாக்கறதுக்கு. அப்புறம், நீங்க சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, கொலஸ்ட்ரால் குறைக்கற ஸ்டேட்டின் மாத்திரையே சில பேருக்கு தசை வலி கொடுக்கும். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க.

கேள்வி: எங்கப்பாவுக்கு 67. ஒரு மாசமா காலைல ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்க முடியல, இடுப்பும் பிடிச்சுக்குது. ஃபைப்ரோதானே?

இல்ல தம்பி, இதை ஃபைப்ரோன்னு விட்டுடாதீங்க. 50 வயசுக்கு மேல, ரெண்டு தோளும் இடுப்பும் சேர்ந்து இப்படி இறுகினா பாலிமயால்ஜியா ருமாட்டிக்காங்கற அழற்சி நோயான்னு பாக்கணும். அதுல பெரும்பாலும் இஎஸ்ஆர், சிஆர்பி ஏறியிருக்கும், ஸ்டீராய்டுக்கு நல்லாவே கேட்கும். ஃபைப்ரோவுக்கு ஸ்டீராய்டால பிரயோஜனமே இல்ல, அதனால ரெண்டையும் குழப்பக் கூடாது. புதுசா நெத்திப்பொட்டுப் பக்கம் தலைவலி, சாப்பிடறப்போ தாடை வலி, பார்வை மங்கல், இதுல ஒண்ணு இருந்தாலும் இன்னைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, கண் பார்வையே போகற அபாயம் இருக்கு.

கேள்வி: வயசு 26, விடியக்காலைல முதுகு வலியில முழிப்பு வருது, நடந்தா சரியாகுது.

ஓய்வெடுத்தா கூடி, நடமாடினா குறையற முதுகு வலின்னா ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு மூட்டுல வர்ற அழற்சி நோய்) வகையான்னு கேளுப்பா, ருமடாலஜிஸ்ட்டதான் பாக்கணும்.

கேள்வி: வலிய விட அசதிதான் கொல்லுது. ஒருநாள் வீடு பெருக்கித் துடைச்சேன், மறுநாள்லேருந்து நாலு நாள் படுக்கை.

இந்த "மறுநாள்" ரொம்ப முக்கியம்மா. வேலை செஞ்ச நேரத்துல ஓரளவு சமாளிச்சு, பல மணி நேரம் கழிச்சோ மறுநாளோ மொத்தமா விழுந்துடறது எம்இ / சிஎஃப்எஸ்ங்கற நாள்பட்ட அசதி நோயோட அடையாளம். அதுவும் ஃபைப்ரோவும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். ஆனா இத தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா ஃபைப்ரோவுக்கு மெதுவா உடற்பயிற்சியக் கூட்டச் சொல்லுவாங்க, எம்இக்காரங்கள அப்படித் தள்ளினா இன்னும் மோசமாகும்.

கேள்வி: எல்லாம் மனசுதான்னு வீட்ல சொல்றாங்க அக்கா.

இதைப் படிச்சதும் எனக்கு வயிறெரிஞ்சுது. என்கிட்டயும் ஒரு டாக்டர் கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே "டென்ஷனக் குறைங்க"ன்னார், நான் வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதேன். மனச்சோர்வு கூடவே வரலாம், வலிய ஏத்தவும் செய்யும், அதுக்காக வலி பொய்யாகிடாது. மனச்சோர்வுக்கும் கொடுக்கற டுலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின் மாத்திரை எழுதிக் கொடுத்தா "என்னைப் பைத்தியம்னு நினைக்கறாங்களா"ன்னு தூக்கிப் போடாதீங்க, அது வலி நரம்பையும் அமைதிப்படுத்தற மருந்து.

கேள்வி: டாக்டர் முன்னாடி உக்காந்தா எல்லாம் மறந்துடுது. எப்படிச் சொல்றது?

நான் பண்ணதச் சொல்றேன். ஒரு நோட்டுல முன்பக்கம் பின்பக்கம்னு ரெண்டு மனுஷ உருவம் வரைஞ்சு, ரெண்டு வாரம் தினமும் ராத்திரி வலிச்ச இடத்துல சிவப்புப் பேனாவால பட்டையடிச்சேன். பக்கத்துல ரெண்டு வரி: "பாட்டில் மூடி திறக்க முடியல", "பிள்ளை ஓடி வந்து கட்டிக்கிட்டான், தோள் எரிஞ்சுது", "அடுப்ப அணைச்சோமான்னு மூணு தடவ போய்ப் பாத்தேன்". "ரொம்ப வலிக்குது டாக்டர்"னு நாலு வருஷம் சொன்னேன், யாருக்கும் கேட்கல. அந்த நோட்டப் புரட்டின டாக்டர் பத்தாவது பக்கத்துல நிறுத்தி, "தூக்கம் எப்படி?"ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்காத கேள்வி அது.

கேள்வி: எனக்கு ஏற்கனவே ருமடாய்ட் ஆர்த்ரைட்டிஸ் (முடக்குவாதம்). ஃபைப்ரோவும் வருமா?

வரும். இப்போ இருக்கற முறைப்படி வேற நோய் இருந்தாலும் ஃபைப்ரோ இருக்குன்னு சொல்லலாம். மூட்டு வீக்கம் அடங்கியும் உடம்பு பூரா வலின்னா டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க, இல்லன்னா தேவையில்லாம ஆர்த்ரைட்டிஸ் மருந்த ஏத்திட்டே போவாங்க.

கேள்வி: ஃபைப்ரோன்னு உறுதி ஆகிடுச்சு. இனிமே டெஸ்ட் எதுவும் வேண்டாம்தானே?

திரும்பத் திரும்ப அதே டெஸ்ட் வேண்டாம். ஆனா புதுசா ஏதாவது வந்தா அதையும் ஃபைப்ரோ தலையில கட்டாதீங்க. பேரு கிடைச்ச ரெண்டாவது வருஷம் எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குச்சு, எல்லாம் ஃபைப்ரோ அசதின்னு நானே முடிவு பண்ணி ஆறு மாசம் ஓட்டினேன், பாத்தா ரத்தசோகை, ஹீமோகுளோபின் வெறும் 7.8. எடை குறையறது, காய்ச்சல், மூட்டு வீக்கம், ஒரு கையோ காலோ பலமிழக்கறது, இதெல்லாம் ஃபைப்ரோ கணக்குல வராது, உடனே காட்டுங்க. திடீர்னு சிறுநீர், மலம் அடக்க முடியாமப் போனா அப்பாயின்ட்மென்ட்டுக்கெல்லாம் காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.